இடது கால் ஷூ எங்கிருந்து வந்தது?

லெமுவேல் ஸ்ட்ராட்டை யாரும் தங்கள் மேஜைக்குக் கூப்பிட்டது கிடையாது. பயண விற்பனையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் சரி, மனிதர் ஓரமாக ஒரு கம்பத்தடியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். எல்லாம் அவர் பார்க்கிற வேலையால் வந்த வினை. பெட்டி நிறையச் சரக்கு மாதிரிகளைச் சுமந்துகொண்டு ரயிலில் ஊர் ஊராக அலைகிற விற்பனையாளன் எங்காவது படியில் வழுக்கி விழுந்தால் சங்கம் அவனுக்கு உதவித்தொகை கொடுக்கும். அவன் நிஜமாகவே வழுக்கினானா, பெண்டாட்டி தள்ளிவிட்டாளா என்று துப்பறிந்து சொல்வது ஸ்ட்ராட்டின் பிழைப்பு. வாய்க்கு வாய் 'சகோதரரே' என்று கூப்பிட்டுக்கொள்கிற முந்நூறு பேரில், சகோதரர்களை வேவு பார்க்கிற ஒரே சகோதரர் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் இன்று தலைவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் ரூஃபஸ் கிம்பல் தன் கையாலேயே கோழி வறுவல் எடுத்துப் பரிமாறினார். அயோவா மாநிலத்தில் வில்லோ ஃபோர்க் என்கிற சின்ன ஊர், மெரிடியன் ஹோட்டலின் தோட்டம், 1908 ஜூன் மாதத்து வெயில். பந்தலுக்குக் கீழே எல்லாரும் ஒரே மாதிரி வைக்கோல் தொப்பியும் மஞ்சள் குடையுமாக இருந்தார்கள். ஊரில் மதுவிலக்கு என்பதால் எலுமிச்சைச் சாற்றைக் குடித்தே போதை ஏறினமாதிரி பாடிக்கொண்டிருந்தார்கள். வருகிறவன் போகிறவனெல்லாம் ஸ்ட்ராட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டினான். காலையில் அவர் செய்த காரியம் அப்படி.

கூட்டத்தின் முதல் நாள் காலை, ஹோட்டலின் மாடி அறைகளில் ஆளுக்கொரு மேஜை போட்டு, அவரவர் சரக்கைப் பரப்பிவைத்து ஊர்க் கடைக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கம். சீப்பு, அடுப்புப் பாலிஷ், விளக்குத்திரி என்று எல்லா மேஜையும் நிரம்பி வழிந்தபோது, அமோஸ் விட்லாக்கின் மேஜை மட்டும் துடைத்துவிட்டமாதிரி கிடந்தது. விட்லாக் சங்கத்திலேயே மூத்தவர், ஒரு பெரிய ஷூ கம்பெனியின் ஆள். அவருடைய பெட்டியைக் காணோம். ஹோட்டலே களேபரமானது. அந்த நேரம் பார்த்து எஸ்ரா டாலிவர் மாடிப்படி ஏறி வந்தார். பல வருஷமாக அந்த ஹோட்டலில் பெட்டி தூக்குகிற கறுப்பினத்துப் போர்ட்டர். காலில் பளபளவென்று புது ஷூ. விட்லாக் கம்பெனி ஷூ.

படியின் உச்சியில் நின்றிருந்த ஸ்ட்ராட் ஒன்றுமே பேசாமல் விரலை நீட்டி அந்தக் கால்களைக் காட்டினார். காட்டின விதம் நாடகத்தில் காட்டுகிறமாதிரி இருந்தது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஊர்க் காவலர் ஹாக் வந்து டாலிவரின் சட்டையைப் பிடித்து, முன்வாசல் வழியாக, முந்நூறு பேர் பார்க்க நடத்திக்கொண்டு போனார். சாயங்கால ரயிலில் மாவட்டச் சிறைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அங்கே போய்விட்டால் அந்த மனிதரின் பேச்சை எந்த நீதிபதி காதில் போட்டுக்கொள்வார்?

ஸ்ட்ராட் இரண்டாவது கோழித் துண்டைக் கடிக்கிறபோது மின்னா குரூஸ் வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சங்க அலுவலகத்தில் தட்டச்சு அடிக்கிறவள், ஸ்ட்ராட் துப்பறியப் போனால் கூடவே போகிறவள். அவள் விரல்களைவிட அவள் நாக்கு வேகம்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். ஷூ விக்கிறவங்க பெட்டில என்ன இருக்கும்?"

"ஷூ இருக்கும். சாப்பிட விடு மின்னா."

"எந்தக் கால் ஷூ?"

ஸ்ட்ராட்டின் வாய் அசைவது நின்றது.

"வலது கால் ஷூ மட்டும்தானே சார். பாரமும் பாதி, எவனும் திருடவும் மாட்டான். இந்தப் பந்தல்ல எலுமிச்சம்பழம் புழியறவனுக்குக்கூட அது தெரியும். ஆனா டாலிவரு ரெண்டு கால்லயும் போட்டிருந்தாரு. இடது கால் ஷூ எங்கேர்ந்து வந்துது? தண்ணி ஊத்தி முளைக்க வெச்சாரா?"

ஸ்ட்ராட் இந்த வேலைக்கு வருமுன் அடுப்புப் பாலிஷ் விற்று ஊர் சுற்றினவர். ரயில் பெட்டிகளில் ஷூ விற்பனையாளர்களோடு தோளோடு தோள் இடித்துத் தூங்கினவர். ஒற்றைக்கால் ஷூ என்பது அந்தத் தொழிலில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். காலையில் அந்தப் படியைச் சுற்றி முந்நூறு பேர் நின்றார்கள், முந்நூறு பேருக்கும் தெரியும். ஒருவனுக்கும் தோன்றவில்லை. கால்கள் யாருடையவை என்று பார்த்த கண்கள், காலில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஸ்ட்ராட்டுக்கு முகம் சுட்டது. கிம்பல் இன்னொரு துண்டை நீட்டியபோது வேண்டாமென்று தலையாட்டிவிட்டு எழுந்தார்.

தீயணைப்பு வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அந்த ஊரின் காவல் அறை. ஹாக் வெளியே நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் டாலிவர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயசு, அகன்ற தோள், ஹோட்டல் சீருடையின் பித்தான்களை எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். ஸ்ட்ராட்டைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஸ்ட்ராட் கம்பிக்கு அருகே போய், அந்த ஷூ எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"அதான் காலையிலேயே சொன்னேனே."

"என்ன சொன்ன?"

"விட்லாக் ஐயாதான் குடுத்தாருன்னு சொன்னேன். நேத்து பெட்டியத் தூக்கிட்டுப் போய் வெச்சேன். சில்லறை இல்லப்பா, இத வெச்சுக்கன்னு குடுத்தாரு. அவரு அங்கதான் நின்னாரு, கையக் காட்டிச் சொன்னேன். நீங்கதான் பேச விடல."

ஆமாம், சொன்னார். இப்போது ஸ்ட்ராட்டுக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது. ஒரு கை எழுந்து விட்லாக்கைக் காட்டியதும், பெரிய மனிதர் பெயரை இழுக்கிறாயா என்று தான் ஒரு அதட்டல் போட்டதும், விட்லாக் தலையைக் குனிந்துகொண்டதும். பாவம், வேலைக்காரனோடு வாக்குவாதம் செய்ய விரும்பாத கண்ணியமான கிழவர் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

ஒரு ஷூவைக் கொஞ்ச நேரம் கடனாகத் தரமுடியுமா என்று கேட்டபோது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. டாலிவர் இடது கால் ஷூவைக் கழற்றிக் கம்பி வழியாக நீட்டினார்.

"ஒருத்தர் உண்மையச் சொல்லும்போது அது காதுல விழாம இருக்கறதுக்கும் ஒரு தனித்திறமை வேணும் சார்," என்றாள் மின்னா, தெருவுக்கு வந்ததும். அவள் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகத் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது ஸ்ட்ராட்டுக்கு.

கடைத்தெருவில் இருந்த ஒரே ஷூ கடை ஸ்வீடன்காரர் லிண்ட்குவிஸ்ட்டுடையது. அவர் ஷூவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே விரலை விட்டுத் துழாவினார். உள்பக்கம் முழுக்கப் பட்டுத் துணி தைத்திருந்தது. இது விற்பனைக்கு வருகிற ஜோடியே இல்லை என்று சொல்லிவிட்டார். இந்தக் கம்பெனி வருஷக்கணக்காக உழைத்த ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிற அன்று கைகுலுக்கிக் கொடுக்கிற ஜோடி இது. தன் மைத்துனனுக்கும் ஒன்று கொடுத்தார்களாம், அவன் அதைப் போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்கிறானாம்.

"விட்லாக் கடைசியா எப்ப உங்க கடைக்கு வந்தாரு?" என்று ஸ்ட்ராட் கேட்டார்.

"போன இலையுதிர் காலத்துல. இந்த வசந்தத்துல அந்தக் கம்பெனிலேர்ந்து வேற ஒரு சின்னப் பையன் வந்தான், மீசைக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு. இனிமே இந்த வட்டாரம் என்னுதுன்னான். கிழவர் ஓய்வு வாங்கிட்டாருன்னு நான் நெனச்சேன்."

"வாங்கினாரா, அவங்களா குடுத்தாங்களா?" என்றாள் மின்னா.

லிண்ட்குவிஸ்ட் தோளைக் குலுக்கிவிட்டு ஷூவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

தெருவில் வெயில் கொளுத்தியது. தூரத்தில் பந்தாட்டம் ஆரம்பித்திருந்தது. சங்கத்தில் வருஷா வருஷம் குண்டானவர்கள் ஒரு கட்சி, ஒல்லியானவர்கள் ஒரு கட்சி. யாரோ ஒரு குண்டு ஆசாமி ஓடியிருக்க வேண்டும், ஊரே சிரித்தது. ஸ்ட்ராட் நடந்துகொண்டே யோசித்தார். வேலை போனால் கம்பெனி முதலில் பிடுங்கிக்கொள்வது மாதிரிச் சரக்கை. அப்படியானால் விட்லாக்கிடம் காட்டுவதற்கு ஒரு ஷூகூட இருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு பெட்டி வந்தது நிஜம். டாலிவர் தூக்கினார், நாலு பேர் பார்த்தார்கள். அது எங்கே போயிற்று? பரண், குதிரை லாயம், ஆற்றங்கரை எல்லாம் தேடியாகிவிட்டது.

"முந்நூறு பெட்டிக்காரங்க வந்திருக்கற ஊர்ல ஒரு பெட்டிய எங்க சார் ஒளிப்பீங்க?" என்றாள் மின்னா.

ஸ்ட்ராட் நின்றார். அடுத்த நிமிஷம் இருவரும் ஹோட்டலின் பின்பக்கத்து வண்டிக் கொட்டகையை நோக்கி நடையைக் கட்டினார்கள்.

சரக்கை எடுத்து மேஜையில் பரப்பினதும் காலிப் பெட்டியின் மூடியில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும். குறி போட்ட பெட்டிகளைப் போர்ட்டர்கள் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் அடுக்கிவிடுவார்கள். இதுதான் பழக்கம். குறியை யார் போட்டார், உள்ளே என்ன என்று எந்தப் போர்ட்டரும் கேட்பதில்லை, கேட்டால் வசவுதான் கிடைக்கும். அந்தக் கொட்டகையில் தேட வேண்டும் என்று காலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காலிப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கப் போகிறது?

மின்னா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ் வரிசைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துக்கொண்டே போனாள். காலிப் பெட்டிகள் சொன்னபடி கேட்டு நகர்ந்தன. மூலையில் ஒன்று நகரவில்லை. அவள் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

"இது காலி இல்ல சார். என் விரல்தான் காலி."

மூடியில் பெருக்கல் குறி இருந்தது, பெட்டி பூட்டியிருக்கவில்லை. ஸ்ட்ராட் மூடியைத் தூக்கினார். ஷூ வைக்கிற தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு செங்கல். ஒவ்வொரு செங்கல்லும் மெல்லிய தாளில், புது ஷூவைச் சுற்றுகிறமாதிரியே, ஓரம் மடித்துச் சுற்றப்பட்டிருந்தது. மின்னா ஒரு தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி அப்படியே மடித்துச் சுற்றினாள்.

"பெட்டி இல்லாம ரயில்லேர்ந்து இறங்கினா எல்லாரும் கேப்பாங்க, லெம்."

கொட்டகை வாசலில் அமோஸ் விட்லாக் நின்றிருந்தார். வைக்கோல் தொப்பி, மஞ்சள் குடை, வெள்ளை மீசை. பந்தாட்டத்துக்கு அவர் போகவில்லை போலிருக்கிறது. உள்ளே வந்து மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். மார்ச் மாதம் வேலை போனதாம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். திங்கட்கிழமைதோறும் பெட்டியோடு கிளம்பி, பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவாராம். இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும், கடைசியாக ஒரு தடவை, எல்லாரையும்போல வந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம். பெட்டி மூடியில் குறி போட்டதும் அவர்தானாம். அடுக்கி வைத்ததுபோல இவ்வளவையும் சொன்னார்.

"பெட்டி திருடு போச்சுன்னு எதுக்குப் பொய் சொன்னீங்க, அமோஸ்?" என்று கேட்டார் ஸ்ட்ராட்.

கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எப்ப சொன்னேன்? மேஜை ஏன் காலியா இருக்குன்னு கிம்பல் கேட்டாரு. என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னேன். 'திருட்டு'ன்னு நீதான் சொன்ன, லெம்."

புகார் என்று ஒன்று இல்லவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்து, இது திருட்டு, யாரும் வெளியே போகக்கூடாது என்று கத்தினது ஸ்ட்ராட்தான். பல வருஷமாகக் கம்பத்தடியில் சாப்பிட்ட மனிதனுக்கு, எல்லாரும் தன்னை ஒரு தடவை திரும்பிப் பார்க்கவேண்டும் என்று ஆசை. நடக்காத குற்றத்தை அவரே உண்டாக்கி, அவரே துப்பறிந்து, அவரே ஒரு மனிதனைப் பிடித்தும் கொடுத்துவிட்டார். இதற்குத்தான் கோழி வறுவல் சாப்பிட்டார்.

"நான் சொன்னேன், சரி. நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"நல்ல பதில் கெடச்சுடுச்சேன்னு இருந்தேன்."

"அவரக் கூட்டிக்கிட்டுப் போனப்ப?"

விட்லாக் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். பெட்டி கைத்தவறுதலாகக் கொட்டகைக்கு வந்துவிட்டது, திருட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமே. டாலிவரும் வெளியே வந்துவிடுவான், தானும் சாயங்கால ரயிலில் ஊருக்குப் போய்விடலாம், பெட்டியை யாரும் திறக்கமாட்டார்கள். லெம்முக்கும் ஒரு கெட்டபேர் வராது.

அந்தக் கடைசி வார்த்தை ஸ்ட்ராட்டுக்கு இனித்தது. இனித்தது என்பதுதான் கேவலம், ஆனால் இனித்தது. அவர் சரி என்றார். மின்னா ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

ஹாக்கை எழுப்பி, பெட்டி அகப்பட்டுவிட்டது, தவறுதலாக இடம் மாறிப்போயிருக்கிறது என்று ஸ்ட்ராட் சொன்னதும், அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே பூட்டைத் திறந்தார். பின்பக்கத்துச் சந்து வழியாகப் போய்விடலாம், சங்கத்தின் குடை ஊர்வலம் தொடங்கப் போகிறது, ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று ஸ்ட்ராட் ரகசியக் குரலில் சொன்னார். டாலிவர் ஷூவை வாங்கி நிதானமாகக் காலில் மாட்டி, நாடாவைக் கட்டினார். எழுந்திருக்கவில்லை.

"பெட்டி இடம் மாறிப்போச்சா? மாத்தினது யாரு?"

டாலிவர் தன் சீருடையைத் தொட்டுக் காட்டினார்.

"பெட்டி தூக்கறது நாங்கதானே. அப்ப நான் திருடன் இல்ல, கவனமில்லாதவன். அதுக்கும் வேலையவிட்டு அனுப்பிடுவாங்க. இந்த ஷூவுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

கூடவே வந்து வாசலில் நின்ற விட்லாக் தரையைப் பார்த்தார்.

"என்ன முன்வாசல் வழியாத்தான் இழுத்துட்டு வந்தாங்க, அத்தன பேரும் பாக்க. அங்கேயே வந்து சொல்லுங்க, நடந்தது நடந்தபடி. இல்லாட்டி நான் இங்கயே உக்காந்திருக்கேன். ரயில் வரட்டும்."

தெருக்கோடியில் முரசு அடிக்க ஆரம்பித்தது. மின்னா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் வேணா போய்ச் சொல்லட்டுமா சார்? எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல," என்றாள். சாட்டையால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. ஸ்ட்ராட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாங்க போகலாம் என்று டாலிவரைப் பார்த்துச் சொன்னார். 'வாங்க' என்று அந்த மனிதரை அவர் அழைத்தது அதுதான் முதல்தடவை.

நாலு பேரும் தெரு நடுவில் நடந்தார்கள். எதிரே மஞ்சள் குடைகள் வரிசை வரிசையாக வந்தன. ஹோட்டல் முன்படியில் ஸ்ட்ராட் ஏறி நின்று கையைத் தூக்கியதும் வாத்தியம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. இன்னொரு திருடனைப் பிடித்துவிட்டார் என்று நினைத்து யாரோ விசிலடித்தான். ஸ்ட்ராட் சொன்னார். திருட்டே நடக்கவில்லை என்றார். அந்த வார்த்தையைச் சொன்னது தான்தான் என்றார். டாலிவர் காலையிலேயே உண்மையைச் சொன்னார், நான்தான் அதட்டி அடக்கிவிட்டேன் என்றார். ஷூ விற்கிறவன் எந்தக் கால் ஷூவை மட்டும் சுமப்பான் என்று அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவரும் பார்க்கவில்லை, முதலில் பார்க்காதவன் நான் என்றார். குரல் உடைந்து உடைந்து வந்தது. காது மடல்வரை தீப்பற்றி எரிந்தது.

அவர் முடித்ததும் விட்லாக் இரண்டு படி ஏறினார்.

"பெட்டில செங்கல்தான் இருக்கு. மார்ச்லேர்ந்து எனக்கு வேலை இல்ல. அந்த ஷூவ நான்தான் அவனுக்குக் குடுத்தேன். காலைல வாயத் திறக்காம நின்னுட்டேன்."

குடைகள் அசையாமல் நின்றன. பிறகு முன்வரிசையில் ஒருவர் ஐயோ அமோஸ் என்றார். அவ்வளவுதான், கூட்டம் அணை உடைந்தமாதிரி கிழவரைச் சூழ்ந்துகொண்டது. தோளைப் பிடித்தார்கள், கையைப் பிடித்தார்கள், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று அழுதார்கள். பல் பொடிக் கம்பெனிக்காரர் ஒருவர் தன் முதலாளியிடம் இன்றைக்கே பேசுவதாக வாக்குக் கொடுத்தார். இன்னொருவர் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து வசூலுக்குக் கிளம்பினார்.

கிம்பல் ஸ்ட்ராட்டின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். என்ன மூளை, என்ன நேர்மை, இப்படி ஒரு மனிதர் நம் சங்கத்தில் இருக்கிறாரே என்று உரக்கச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. ஸ்ட்ராட் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"தலைவரே, அவர்கிட்ட யாராவது ஒரு வார்த்தை…"

"யார்கிட்ட? ஓ, அவனா. அதான் விட்டாச்சே," என்றார் கிம்பல்.

ஸ்ட்ராட் திரும்பிப் பார்த்தார். டாலிவர் படியின் ஓரத்தில் தனியாக நின்றிருந்தார். அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை, மின்னா மட்டும் கொஞ்சம் தள்ளிக் கைகட்டி நின்றாள். ஹோட்டல் மேலாளர் கதவைத் திறந்து தலையை நீட்டி, சாயங்கால ரயிலுக்குப் போகவேண்டிய பெட்டிகளெல்லாம் கூடத்தில் அப்படியே கிடக்கின்றன, இவ்வளவு நேரம் எங்கே தொலைந்தாய் என்று டாலிவரைக் கேட்டார். டாலிவர் உள்ளே போனார்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. முந்நூறு பேர் ஸ்ட்ராட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியாமல் அவர் படிநடுவில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் வழி விடுங்க, சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தோளில் பெரிய பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு டாலிவர் நின்றிருந்தார். ஸ்ட்ராட் விலகி நின்றார்.